எரிக்கப் பஞ்சமில்லாத போகி

எழுபதுகளின் மேற்கு மாம்பலத்தில் போகி என்றால், எரிப்பதற்குப் பொருள் தேடுவதுதான் பெரும்பாடு. பாட்டி எதையும் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டாள். கிழிந்த கோரைப்பாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினால், "டேய், வை அதை. நல்ல பக்கத்தை வெட்டி வச்சா வடாம் காயப்போட ஆகும்" என்பாள். விளக்குமாறு தேய்ந்து கைப்பிடி மட்டும் மிஞ்சினால்தான் அதற்கு விடுதலை. அதுவரை கொல்லைப்புறத்துக்கு இடமாற்றம். முறம் ஓட்டை விழுந்தால் வெந்தயத்தையும் பழைய காகிதத்தையும் அரைத்து மெழுகி இன்னொரு வருஷம் ஓட்டிவிடுவாள். கடைசியில் தெருவுக்கு வந்து சேர்வது கொஞ்சம் ஓலையும் வைக்கோலும்தான். போகி மேளத்தை நாலு தட்டுத் தட்டுவதற்குள் நெருப்பு அணைந்துவிடும்.

அந்தப் புகை ஒன்றும் பன்னீர் இல்லை. ஓலைப் புகையிலும் நுண்துகள் உண்டு, கார்பன் மோனாக்சைடு உண்டு. பாட்டியும் இருமினாள். வருஷம் முழுக்க விறகடுப்பின் முன்னால் இருமியவள், போகி இருமலுக்கு என்று தனிக் கணக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வேளச்சேரியில் அடுக்குமாடி வாசம். எரிக்கப் பஞ்சமே இல்லை. பிளாஸ்டிக் பாய், ரெக்ஸின் கிழிந்த சோபா, நுரைத் தலையணை, ஒயர் சுருள், உடைந்த பக்கெட். எல்லாவற்றுக்கும் சிகரமாக, மெக்கானிக் கடையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த டயர்.

"எதுக்குப்பா டயரு?"

"அது இல்லன்னா சட்டுனு அணைஞ்சிடும் சார். போகி மாதிரியே இருக்காது."

டயர் எரிந்தால் கரித்துகளோடு சல்பர் டை ஆக்சைடும் பென்சீனும் வரும். பி.வி.சி. ஒயர் தன் பங்குக்கு ஹைட்ரஜன் குளோரைடையும் டையாக்சினையும் சேர்க்கும். கண் எரிவது சல்பர் டை ஆக்சைடாலும் ஹைட்ரஜன் குளோரைடாலும். பென்சீனும் டையாக்சினும் சத்தமில்லாமல் உள்ளே போகின்றன.

நேரம் வேறு நமக்குத் தோதாக அமைந்துவிடுகிறது. மார்கழி இரவில் தரை வெப்பத்தை விட்டுக் குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதற்கு மேலே இருப்பது சற்று வெதுவெதுப்பான காற்று. வழக்கத்துக்கு நேர் தலைகீழ். இட்லிக் கொப்பரையை மூடிவைத்த மாதிரி, கீழே கிளம்பும் புகை மேலே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றும். காற்றிலிருக்கும் ஈரம் புகைத் துகள்களின் மேல் படிந்து மூட்டத்தை இன்னும் தடிப்பாக்கும். வெயில் ஏறித் தரை சுட்டால்தான் மேலே வழி திறக்கும். கடற்காற்று வருவதும் அதற்குப் பிறகுதான். நாம் கொளுத்துவதோ விடிகாலை நாலரைக்கு. புகையைப் பிடித்துவைக்க இதைவிட நல்ல முகூர்த்தம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடைக்காது.

2018 போகியன்று மீனம்பாக்கத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல், வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். பாட்டியின் விளக்குமாற்றுப் புகையால் ஒரு காக்கையைக்கூடத் திருப்ப முடிந்ததில்லை.

பாட்டி காலத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. செல்போனில் ஆப் இருக்கிறது. பச்சையில் தொடங்கி அடர்சிவப்பு வரை காற்றின் தரத்தை நிறம் பிரித்துக் காட்டுகிறது. பி.எம். 2.5 என்றால் எங்கள் மாடியில் பத்து வயதுப் பிள்ளை விளக்கம் சொல்லும்: தலைமுடியின் தடிமனில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள், மூக்குமுடியிலும் சளியிலும் சிக்காது, நுரையீரலின் காற்றறைகள் வரை போய் ரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமாக்காரருக்கு அன்றைக்கே மூச்சு இழுக்கும்; இதயம் பலவீனமானவருக்கு மாரடைப்பு வரை போகலாம். ஒரு நாள் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் இது 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு வரம்பு 60. நம் நுரையீரலுக்கு நான்கு மடங்கு தெம்பு என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் நாளே 'புகையில்லா போகி' படம் வந்துவிடும், கைகூப்பும் பொம்மைகளோடு. மறுநாள் விடியலில் அதே குரூப்பில் ஆப்பின் சிவப்பு ஸ்கிரீன்ஷாட். அதற்கு அடுத்த படமாக, வாசலில் நெருப்போடு ஒரு செல்ஃபி. இரண்டையும் போட்டவர் ஒருவரே.

மூன்றாம் மாடி நண்பர் இந்த வருஷம் காற்று சுத்திகரிக்கும் மிஷின் வாங்கினார். போகிக் காலையில் என் கதவைத் தட்டினார்.

"சார், புது மிஷினு, அதுக்குள்ள ரிப்பேர். ஜன்னலைச் சாத்திட்டுப் போட்டாலும் சிவப்பு லைட்டு அணையவே மாட்டேங்குது."

"வாரன்ட்டி இருக்குமே?"

பால்கனியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். மிஷின் வந்த அட்டைப்பெட்டியும் அதன் தெர்மோகோலும் டயருக்குப் பக்கத்தில் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தன. வாரன்ட்டி கார்டு அந்தப் பெட்டிக்குள்தான் இருந்ததாம்.