கட்டுக்கரையும் அருவியாறும்: வாசகர் கேள்விகள்

நானாட்டான் வாசகர்: நம் மன்னார்க் கட்டுக்கரைக்குளம் கடல்போலக் கிடக்கிறது. பிறகு ஏன் சிறுபோகத்தில் தண்ணீருக்கு அடிபிடி?

அகலத்தில்தான் கடல், ஆழத்தில் இல்லை. மலை இடுக்கில் 122 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் விக்டோரியா அணை 72 கோடி கன மீற்றர் நீரைப் பிடித்து வைக்கிறது. கட்டுக்கரை சமவெளிக் குளம். ஏழு கிலோமீற்றர் நீளக் கட்டு இருந்தும், முழுதாக நிரம்பினால் சுமார் 4 கோடி கன மீற்றர்தான் கொள்ளும். அதை நம்பி 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. காலபோகத்தில் வானமும் கைகொடுக்கிறது. சிறுபோகத்தில் மழை இல்லை. வெயிலும் சோளகக் காற்றும் நமக்கு முன்னரே குளத்தில் வாய் வைத்துவிடுகின்றன. பரந்து கிடக்கும் ஆழமில்லாத நீர் வேகமாக வற்றும். அதனால்தான் சிறுபோகத்தில் எல்லாக் காணிக்கும் விதைக்க முடிவதில்லை. இருக்கும் நீரைப் பார்த்து ஏக்கரைப் பங்கிடுகிறோம்.

தலைமன்னார் வாசகி: மன்னார்த் தீவில் இருக்கும் எங்களுக்கு இந்தக் குளத்துக் கதை எதற்கு?

உங்கள் சோற்றுக்கு. தீவில் ஆறும் இல்லை, வயலுக்கு ஏற்ற நிலமும் இல்லை. மன்னார் நகரத்துக் குழாய்த் தண்ணீர்கூட முருங்கன் பக்கக் கிணறுகளிலிருந்து பாலம் தாண்டித்தான் வருகிறது.

முருங்கன் வாசகர்: இந்தக் குளம் யாருடையது? தாதுசேனனுடையதா, தமிழருடையதா?

5ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன் கட்டியது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 2016இல் பேராசிரியர் பரமு புஷ்பரட்ணம் தலைமையில் குளத்தருகே நடந்த அகழாய்வில் ஆதிக் குடியிருப்பின் தடயங்களும் சுடுமண் உருவங்களும் கிடைத்தன. தூர்ந்து கிடந்த குளத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியர் மீளக் கட்டினர். இதில் எந்த ஒன்றும் மற்றதைப் பொய்யாக்காது. கூடையில் மண் சுமந்தவர்களின் பெயரை எந்த ஏட்டிலும் காணோம். என்னைக் கேட்டால், இன்று வாய்க்காலில் இறங்கிப் புல் செதுக்குகிறவருக்கே முதல் உரிமை.

அரிப்பு மீனவர்: கட்டுக்கரைக்கு நீர் தரும் அருவியாற்றின் தண்ணீர் வீணாகக் கடலில் விழுகிறது என்கிறார்களே?

உங்கள் வலையைக் கேட்டுவிட்டு அதைச் சொல்லட்டும். ஆறு கடலுக்குக் கொண்டுவருவது வெறும் தண்ணீர் அல்ல. வண்டலும், மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் இரையாகும் சத்தும் அதோடு வருகின்றன. எகிப்தில் அஸ்வான் பேரணை 1960களில் நைல் நதியை மறித்ததும், கழிமுகக் கடலில் சாளை மீன்பிடி சில ஆண்டுகளிலேயே சரிந்துபோனது. வங்காலைக் கழிவெளியில் பூநாரைகள் வந்து இறங்குவதும் உவரும் நன்னீரும் கலப்பதால்தான். வயலுக்கு வேண்டியதை எடுப்போம். மிச்சத்தை வீண் என்று சொல்வதை நிறுத்துவோம்.

மடு வாசகர்: தந்திரிமலையில் கீழ் மல்வத்து ஓயா நீர்த்தேக்கம் கட்டினால் எங்கள் கவலை தீருமா?

பாதி தீரலாம். நாம் அருவியாறு என்பதும் அநுராதபுரத்தார் மல்வத்து ஓயா என்பதும் ஒரே ஆறு. 164 கிலோமீற்றர் ஓடி வரும் அதன் நீரை, நாச்சதுவை போன்ற மேற்குளங்கள் ஏற்கெனவே பங்கு போட்டுவிடுகின்றன. எஞ்சியது தேக்கம் அணைக்கட்டுக்கு வந்து, வடக்கே கட்டுக்கரைக்கும் தெற்கே முசலிப் பக்கம் அகத்திமுறிப்புக்கும் பிரிகிறது. நாம் வாலில் இருக்கிறோம். வறட்சியில் கடைசியாகவே நமக்குத் தண்ணீர் வரும்; வெள்ளமோ முழுதாக வந்து சேரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையோடு ஆறு ஊருக்குள் புகுந்ததைப் பார்த்தோம். தந்திரிமலையில் ஏறத்தாழ 20 கோடி கன மீற்றரைத் தேக்குவதாகத் திட்டம். அது வெள்ளத்தின் வேகத்தையும் தணிக்கும், சிறுபோகத்துக்கும் உதவும். ஆனால் எந்த மாதம் எவ்வளவு நீர் கீழே திறக்கப்படும் என்பதைக் கதவு பூட்டுமுன் எழுத்தில் வாங்க வேண்டும். அணைக்கு மேலே காணி இழக்கும் குடும்பங்களுக்கு மாற்றுக் காணி கிடைத்ததா என்றும் நாமே கேட்க வேண்டும். அவர்கள் நிலத்தின் மேல்தான் நம் தண்ணீர் நிற்கப்போகிறது.

அடம்பன் வாசகர்: அதுவரை குளத்தைத் தூர் வாரினால் போதாதா?

வார வேண்டும், அது மட்டும் போதாது. ஊட்டும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் ஆழமான குளத்துக்கும் தண்ணீர் வந்து சேராது. கட்டுக்கரையிலிருந்து நீர் வாங்கும் சிறு குளங்கள் நூற்றுக்கு மேல். அவற்றின் கட்டுகளையும் துருசுகளையும் முதலில் பாருங்கள். கசியும் துருசுப் பலகை ஒன்று இரவு முழுக்க விடும் நீர், மறுநாள் யாரோ ஒருவருடைய பாத்தி. அதைத் திருத்தக் கோடிகள் தேவையில்லை.

உயிலங்குளம் வாசகி: எங்கள் காணி வாய்க்காலின் கடைசியில். ஒவ்வொரு சிறுபோகமும் கதிர் வரும் நேரம் தண்ணீர் நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

அரசாங்க அதிபர் தலைமையில் நடக்கும் சிறுபோகக் கூட்டத்துக்கு நீங்களே போங்கள். கணவரையோ அண்ணனையோ மட்டும் அனுப்ப வேண்டாம். குளத்தில் இன்று எத்தனை அடி, எத்தனை ஏக்கருக்கு அனுமதி, கடைசித் தண்ணீர் எந்தத் தேதி என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கு மேல் தலைவாய்க்கால் பக்கம் விதைத்திருந்தால், முதல் தண்ணீர் விடும் கிழமையிலேயே கமக்கார அமைப்பிலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் எழுத்தில் முறையிடுங்கள். கதிர் வந்தபின் முறையிட்டால் அனுதாபம் கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது. விதைக்கும்போது மூன்று மாத நெல்லையே போடுங்கள்.