கூரத்தாழ்வான் இல்லாம கெளம்பாதே

வா நைனா, குந்து. பனியில சறுக்கப் போறியாமே? ஒங்கம்மா நேத்தே சொல்லிட்டா. கம்பெனியில கொரியாக்காரர் போன்ல படம் காட்டுனாராம், அதுலருந்து தொரைக்குக் கால் தரையில நிக்கலியாம். அவருக்கு இன்னா, சியோல்ல வண்டியை எடுத்தா ரெண்டு மூணு மணி நேரத்துல பியோங்சாங் மலை. 2018-ல குளிர்கால ஒலிம்பிக் நடந்த எடம். நீ தண்டலத்துல எடுத்து ஒரு மணி நேரம் கூடவே ஓட்டு, ஏலகிரி வரும். அங்க சறுக்கணும்னா பலாச்சொளை தின்னுட்டுப் போட்ட தோலு மேலதான் சறுக்கணும்.

ஊட்டியில பனி இருக்கேன்றியா? அது உறைபனிடா. மார்கழி விடியக்காலையில புல்லு மேல உப்பு தூவுன மாதிரி கெடக்கும். வெயில் பட்டா, நீ டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஓடிப்பூடும். ஈ.சி.ஆர். ஓரமா ஒரு ஹாலுக்குள்ள பனி கொட்டி, கோட்டும் குடுத்து வெளையாட வுடறாங்க. அங்க போயேன்! சாயந்தரம் வறுத்த மீன் தின்னுட்டு வூட்டுக்கு வந்துடலாம். மூஞ்சி கோணுது பாரு. ஏசி ரூம்ல சறுக்குனேன்னு ஸ்டேட்டஸ் போட முடியாதில்ல.

சரி, தூரமாவே போ. ஆனா புது காரை எடுத்துக்கினு காஷ்மீர்ல கீற குல்மார்க் போறேன்னியாமே, அதான் எனக்குச் சிரிப்பு. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. லீவு அஞ்சு நாளு. போய்ச் சேந்து கண்ணாடியை எறக்கி, "பனி நல்லாருக்கா?"ன்னு கேட்டுட்டுத் திரும்பினாலும் பி ஷிப்டுக்கு வர முடியாது.

உத்தராகண்ட்ல அவுலின்னு ஒண்ணு கீது. ரிஷிகேஷ்லருந்து ஜோஷிமட்டுக்கு மலை ரோட்லயே சுமாரா 250 கிலோமீட்டர். பாலாறு பாலத்து மேலயே வாந்தி எடுக்கிறவன் நீ. ஜோஷிமட்லருந்து மேல போவ நாலு கிலோமீட்டருக்கு ரோப் கார் வெச்சிருந்தாங்க. 2023 ஜனவரியில ஊரே அமுங்கி, வூடெல்லாம் விரிசல் வுட, அதை நிறுத்திட்டாங்க.

குல்மார்க்குன்னா ப்ளைட்டுல ஸ்ரீநகர் போ. அங்கருந்து அம்பது கிலோமீட்டர்தான். ஒசரம் 2,650 மீட்டர், நம்ம தொட்டபெட்டா ஒசரந்தான்! அதுக்கு மழை, இதுக்குப் பனி; வடக்கே தள்ளிப் பொறந்த யோகம். கொண்டோலான்னு ரோப் கார் பதிமூணாயிரம் அடி கிட்ட கொண்டு போவுமாம். நீ ஏறிடாதே. புதுசா வுழறவனுக்கு கீழ் மைதானமே தாராளம். தை மாசத்துக்கே டிக்கெட் போட்டுடாதே. 2024 ஜனவரியில அங்க பனியே இல்லாம வெறும் புல்லு தெரிஞ்சுது, மாசக் கடைசியிலதான் கொட்டுச்சு. மாசியில போ.

"ரோஜா படத்துல பார்த்த காஷ்மீர்"னு உன் பொண்டாட்டி கேப்பா. 1992-ல காஷ்மீர்ல கலவரம், அதனால மணிரத்னம் மணாலி பக்கம்தான் எடுத்தாரு. அதை நீ சொல்லாதே, அங்க போனப்புறம் தானா தெரியட்டும்.

காஷ்மீர் போற மொத ஆளு நீதான்னு நெனைச்சிக்காதே. ஒன் கம்பெனி பஸ்ஸு தெனம் தாண்டிப் போவுதே ஸ்ரீபெரும்புதூரு, அங்க 1017-ல பொறந்த ராமானுஜர், போதாயன விருத்தின்ற ஏட்டைத் தேடி காஷ்மீருக்குப் போனாருன்னு குருபரம்பரைக் கதை சொல்லுது. பி.எஃப். லோனும் போடல, ப்ளைட்டும் ஏறல. தொணைக்கு கூரத்தாழ்வான், காஞ்சிபுரம் பக்கத்து கூரத்து ஆளு. கையில கெடைச்ச ஏட்டை அங்கத்து ஆளுங்க பாதியில புடுங்கிக்கினாங்களாம். பெரியவரு கலங்கி நிக்க, ராத்திரி ராத்திரி படிச்சு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன்னாராம் ஆழ்வான்.

ஒன் போனு அந்தக் குளுர்ல தாங்காது நைனா, பேட்டரி பொசுக்குனு எறங்கிடும். நீ பலகையோட குப்புற வுழுந்தது, குதிரைக்காரன்கிட்ட வெலை பேசி ஏமாந்தது, எல்லாத்தையும் நெஞ்சுல வெச்சிருந்து டீக்கடையில ஒரு எழுத்து வுடாம ஒப்பிக்க ஆளு வேணாமா? மாசியில எனக்கு வேலையும் இல்ல. நெலந்தான் சிப்காட்டுக்குப் போயிடுச்சே. மங்கி குல்லா என்கிட்டயே கீது, டிக்கெட்டு மட்டும் ஜன்னலோரமா பாத்துப் போடு.