சுண்டலோடு வந்த இதழ்

சும்மா படிக்க ஒரு பத்திரிகை வேண்டுமென்று பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் கேட்டேன். "எந்தப் பரீட்சைக்கு சார்?" என்றார் கடைக்காரர். பரீட்சை இல்லை என்றதும் பரிதாபப்பட்டு ராசிபலன் புத்தகத்தை நீட்டினார்.

1926-இல் ஆனந்த விகடன், 1941-இல் கல்கி, 1947-இல் குமுதம் என்று பத்திரிகைகள் வந்து, ஊரையே சும்மா படிக்கப் பழக்கின. 'பொன்னியின் செல்வன்' தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்தெடுத்துத் தைத்து பைண்டு செய்தார்கள். அத்தியாயம் முடிகிற தாளின் பின்புறம் பாதி ஜோக் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கும். மீதிப் பாதியைப் பேரன்கள் இன்னும் தேடுகிறார்கள்.

கல்கியின் அச்சு இதழ் 2020-இல் நின்றது. கடைக் கொடியில் கிளிப் போட்டு வாரப் பத்திரிகை தொங்கிய இடத்தில் ஷாம்புச் சரம் தொங்குகிறது.

கடைசியில் நான் தேடியது கிடைத்தே விட்டது: சுண்டல் பொட்டலம்! ஒரு பக்கம் சிறுகதையின் நடுப்பகுதி, மறுபக்கம் சமையல் குறிப்பு. சந்தா கிடையாது, சுண்டல் இலவச இணைப்பு. எண்ணெய் ஊறிய தாளை விளக்கில் பிடித்தால் இரண்டையும் சேர்த்தே படிக்கலாம்.

நடுங்கும் விரல்களால் அவள் கடிதத்தைப் பிரித்தாள். அதில்... கடுகு தாளித்து இறக்கவும்.