எஞ்சின் எங்கோ, சுக்கான் கையில்

கிளவுட் கேமிங் வழியாக விமான சிமுலேட்டர் ஓட்டுவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

என் லேப்டாப்புக்கு ஆறு வயது. கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இதில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் ஓடுமா? — ஈரோடு

லேப்டாப்பில் ஓடாது, லேப்டாப்புக்கு வந்து சேரும். கேம் ஓடுவது எங்கோ ஒரு டேட்டா சென்டரில். அங்கே உருவாகும் காட்சி வீடியோவாக உங்களிடம் வருகிறது, நீங்கள் அழுத்தும் பட்டன் அங்கே போகிறது. யூடியூபைத் தடுமாறாமல் காட்டும் மெஷின் பெரும்பாலும் இதற்கும் போதும். ஆனால் யூடியூப் அடுத்து வரும் காட்சியை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளும். இங்கே அதற்கு வழியில்லை. நீங்கள் இன்னும் திருப்பாத திருப்பத்தை யாரால் முன்கூட்டிப் படம்பிடித்து அனுப்ப முடியும்? அதனால்தான் இணைப்பில் ஒரு சின்ன விக்கல் வந்தாலும் திரையில் உடனே தெரிகிறது.

காசு சேர்த்து நல்ல பிசி வாங்கிவிட்டால் இந்த கிளவுட் எல்லாம் தேவைப்படாதுதானே? — சேலம்

விமானம் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். பூமி வராது. 2020-ல் வந்த ஃபிளைட் சிமுலேட்டரின் உலகம் பிங் மேப்ஸ் படங்களிலிருந்து கட்டியது. 2 பெட்டாபைட்டுக்கும் மேல். அதாவது 1 டிபி ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டாயிரம். பறக்கப் பறக்க, கீழே தெரியும் நிலம் அஸூர் சர்வர்களிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். 2024 பதிப்பு இந்த வழியில் இன்னும் தூரம் போனது. அது வெளியான நவம்பர் 19 அன்று சர்வர்கள் திணறின. 2 லட்சம் பேரைப் பாவனையாக வைத்துச் சோதித்திருந்தும், நிஜக் கூட்டத்தைத் தாங்கவில்லை. எவ்வளவு பெரிய பிசி வைத்திருந்தவரும் லோடிங் திரையின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

கேமையே கிளவுடில் ஓட்டினால், பூமி இறங்குவது டேட்டா சென்டருக்குள். உங்கள் வீட்டு இணைப்பில் வருவது வீடியோ மட்டும். மற்ற கேம்களைவிட விமான சிமுலேட்டருக்கு கிளவுட் பொருந்துவதற்கு இது ஒரு காரணம்.

துப்பாக்கிச் சண்டை கேம்களிலேயே கிளவுட் தாமதம் எரிச்சலூட்டுகிறது. விமானத்தை எப்படி நம்பி இறக்குவது? — திருப்பூர்

இந்த வாரம் வந்த கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். போய்த் திரும்ப 10 மில்லி விநாடி. சிங்கப்பூர் என்றால் 30-ஐ நெருங்கும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நிஜத்தில் இன்னும் கூடும். அதோடு வீடியோவைச் சுருக்க, விரிக்க, திரையில் காட்ட ஆகும் நேரம். எல்லாம் சேர்ந்து 100, மோசமான நாளில் 150 மில்லி விநாடி என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு செஸ்னா 172 தரையிறங்க வரும்போது 65 நாட் வேகம். கீழே இறங்கும் வேகம் விநாடிக்குச் சுமார் ஐந்தரை அடி. அந்த 150 மில்லி விநாடியில் அது இறங்குவது முக்கால் அடிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்! முக்கால் அடியால் யாருடைய லேண்டிங்கும் கெடுவதில்லை. விமானிகளைப் பழக்கும் நிஜ சிமுலேட்டர்களுக்கே அமெரிக்க எஃப்ஏஏ விதிகள் வெகுகாலம் உயர்நிலையில் 150, கீழ்நிலையில் 300 மில்லி விநாடி தாமதத்தை அனுமதித்திருக்கின்றன.

பிறகு ஏன் விமானம் ஓடுபாதையில் குதிரை மாதிரி துள்ளுகிறது? நம் கையால். தரைக்குப் பதினைந்து அடி மேலே மூக்கைத் தூக்க ஸ்டிக்கை இழுக்கிறோம். மூக்கு எழவில்லை என்று நினைத்து இன்னும் இழுக்கிறோம். முதல் இழுப்பும் இரண்டாவதும் ஒன்றாக வந்து சேர, விமானம் எகிறுகிறது. பதறித் தள்ளுகிறோம், அதுவும் தாமதமாக வந்து மூக்கைத் தரையில் குத்துகிறது. நிஜ விமானிகளுக்கும் இந்த ஊசலாட்டம் நேர்வதுண்டு. மருந்து ஒன்றுதான்: கொஞ்சம் இழு, நிறுத்து, என்ன நடக்கிறது என்று பார், பிறகு அடுத்தது. பார்வையை மூக்குக்கு முன்னால் வைக்காமல் ஓடுபாதையின் கடைசி முனையில் வையுங்கள். கன்ட்ரோலர் சென்சிடிவிட்டியையும் குறைத்துவிடுங்கள். பத்து லேண்டிங்கில் கை அடங்கிவிடும்.

அப்படியென்றால் ஹெலிகாப்டர்? — கரூர்

கிளவுடில் வேண்டாம். செஸ்னாவைக் கைவிட்டால் அது தன்னைத்தானே நேராக்கிக்கொள்ள முயலும். அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டர் ஒவ்வொரு நொடியும் உங்கள் கையைக் கேட்கும். அங்கே ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் விலை உண்டு.

100 எம்பிபிஎஸ் பைபர் போட்டிருக்கிறேன். 25 போதும் என்கிறார்கள். ஆனாலும் படம் உடைகிறதே? — மதுரை

குழாய் எவ்வளவு அகலம் என்பது இங்கே இரண்டாம் கேள்வி. தண்ணீர் விட்டு விட்டு வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. தவறு பெரும்பாலும் கடைசிப் பத்தடியில் இருக்கும்: ரூட்டர் ஹாலில், நீங்கள் இரண்டு சுவர் தாண்டி, வைஃபையோ பக்கத்து வீடுகள் எல்லாம் நெரியும் 2.4 கிகாஹெர்ட்ஸில். ஒரு லேன் கேபிள் வாங்கிச் செருகுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். டிவியில் விளையாடினால் அதன் கேம் மோடைப் போடுங்கள். படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி தின்னும் நேரம் சில சமயம் சிங்கப்பூர் போய்வரும் நேரத்தைவிட அதிகம். மாதச் சந்தாவை உயர்த்துவது இதெல்லாம் செய்த பிறகு.

எக்ஸ்பாக்ஸ் கிளவுடா, ஜீஃபோர்ஸ் நவ்வா? எது நல்லது? — சிங்கப்பூர்

எக்ஸ்பாக்ஸ் கிளவுடில் சந்தாவோடு கேமும் வரும். ஜீஃபோர்ஸ் நவ்வில் கேமை நீங்கள் ஸ்டீமிலோ எக்ஸ்பாக்ஸ் கடையிலோ தனியாக வாங்கியிருக்க வேண்டும். அவர்கள் தருவது கம்ப்யூட்டரை மட்டும். ஆசையைச் சோதித்துப் பார்க்க முதலாவது. இதுதான் என் பொழுதுபோக்கு என்று முடிவானவருக்கு இரண்டாவது, ஏனென்றால் நாளை சந்தாவை நிறுத்தினாலும் கேம் உங்களுடையது. கூகுள் 2019 நவம்பரில் தொடங்கிய ஸ்டேடியா என்ற கிளவுட் கேமிங் சேவையை 2023 ஜனவரி 18-ல் மூடியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் கேம் போனது போனதுதான்.

நேரக் கணக்கையும் பாருங்கள். ஜீஃபோர்ஸ் நவ் இலவச அடுக்கில் ஒரு தடவைக்கு 1 மணி நேரம். கட்டண அடுக்குகளில் 6 அல்லது 8. மாதத்துக்கு மொத்தம் 100. சென்னை–லண்டன் பத்து மணி நேரத்துக்கு மேல். ஹீத்ரோ வருவதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும், சில நிமிடம் எதையும் தொடவில்லை என்று இணைப்பைத் துண்டித்துவிடும்.

நான் தனியாக வாங்கிய ஏர்பஸ் ஆட்-ஆன், வாட்சிம் என்ற ஆன்லைன் வலையமைப்பின் கட்டுப்பாட்டாளர்களோடு பேசும் வசதி, இதெல்லாம் கிளவுடில் கிடைக்குமா? — லண்டன்

கேமுக்கு உள்ளேயே இருக்கும் சந்தையில் வாங்கியது கிடைக்க வாய்ப்புண்டு. வெளியிலிருந்து இறக்கி ஃபோல்டரில் போடுவது எதுவும் முடியாது. ஃபோல்டர் உங்கள் கையில் இல்லை. வாட்சிமுக்கான மென்பொருளும் கேமுக்குப் பக்கத்தில் ஓட வேண்டியது. இவையெல்லாம் வேண்டுமென்றால் ஷேடோ போல முழு விண்டோஸ் கம்ப்யூட்டரையே வாடகைக்குத் தரும் சேவைக்குப் போங்கள். அல்லது வீட்டுப் பிசியில் சன்ஷைன் நிறுவி, மூன்லைட் வழியாக வேறு அறையிலிருந்து ஓட்டுங்கள். இரண்டும் இலவசம், இரண்டும் அருமை.

காக்பிட் திரையில் ஊதா நிற வழிக்கோடு மட்டும் கலங்கித் தெரிகிறது. கண்ணில் கோளாறா? — கோயம்புத்தூர்

கண் நன்றாக இருக்கிறது. வீடியோவைச் சுருக்கும்போது வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு, வண்ணத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துவிடுவது வழக்கம். சினிமாவில் தெரியாது. கறுப்புப் பின்னணியில் மெல்லிய ஊதா, சிவப்புக் கோடுகள் வரும் கார்மின் ஜி1000 திரையில் அப்பட்டமாகத் தெரியும். ஜூம் செய்து படியுங்கள். அல்லது வட்டக் கடிகார முள்கள் உள்ள பழைய செஸ்னாவில் ஏறுங்கள். கறுப்பு வெள்ளை முள் கலங்காது.

சார், நான் ஒன்பதாம் வகுப்பு. பைலட் ஆக ஆசை. அப்பா போனும் ஒரு கன்ட்ரோலரும் இருக்கு. தினமும் 2 ஜிபி. பறக்க முடியுமா? — நாகர்கோவில்

முடியும் தம்பி. எக்ஸ்பாக்ஸ் கிளவுட் 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆனால் டேட்டாவைக் கவனி: 15 எம்பிபிஎஸ்ஸில் 2 ஜிபி பதினெட்டு நிமிடத்தில் தீரும். மாமா வீட்டிலோ நண்பன் வீட்டிலோ பைபர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அங்கே போ. சென்னையில் ஏறி, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரி. 65 கடல் மைல், செஸ்னாவில் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். மற்ற நாட்களுக்கு ஃபிளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டர் இருக்கிறது. நிலக்காட்சியை ஒரு முறை இறக்கி வைத்தால் இணையமே வேண்டாம். பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் போட்டுத் தரச் சொல்லி ஆசிரியரிடம் கேள். கூச்சப்படாதே.

கமர்ஷியல் பைலட் பயிற்சியில் இருக்கிறேன். இந்த மணி நேரங்கள் கணக்கில் வருமா? — திருச்சி

வராது. டிஜிசிஏ கேட்கும் 200 மணி நேரத்தில் இதில் ஒரு நிமிடமும் சேராது. ஆனால் செக்லிஸ்ட் வரிசை, விஓஆர் பிடிப்பது, சர்க்யூட்டில் எப்போது எதைச் சொல்வது, இவற்றை வீட்டில் பழகிவிட்டுப் போனால் வானத்தில் செலவாகும் விலை உயர்ந்த நிமிடங்கள் மிச்சமாகும். கருவிகளையே வெறித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் முதலில் திட்டுவது அதற்குத்தான்.

எங்கட பலாலியில இருந்து திருச்சிக்கு, அந்த ஒரு மணித்தியால இலவச நேரத்துக்குள்ள பறந்து இறங்க ஏலுமா? ஊர் தெரியுமா? — ஸ்கார்பரோ

தூரம் சுமார் 100 கடல் மைல். செஸ்னா 172-ல் 55 நிமிடம், அதாவது நூலிழை. பார்க்கிங்கில் தொடங்காமல் ஓடுபாதையிலேயே எஞ்சின் ஓடும் நிலையில் தொடங்குங்கள். அல்லது டிபிஎம் 930 எடுங்கள், பாதி நேரம் மிச்சம்.

ஊரின் வயல், வாய்க்கால், கடற்கரை எல்லாம் செயற்கைக்கோள் படத்தில் இருப்பது போலவே தெரியும். வீடுகளையும் கோயில்களையும் அப்படி எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான கட்டடங்கள் கணினி தானாக ஊகித்து எழுப்பியவை. கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாடி வீடு நிற்கலாம். வரைபடத்தில் யாரோ 2 என்று இட வேண்டிய மாடி எண்ணிக்கையை 212 என்று தட்டியதால், 2020-ல் மெல்பர்ன் புறநகர் ஒன்றில் சாதாரண வீட்டு மனையில் வானளாவிய கோபுரம் முளைத்த கதையும் உண்டு.

பலாலியில் ஏறியதும் வடமேற்கே திருப்பி, மூவாயிரம் அடியில் வையுங்கள். பாதி வழி பாக்கு நீரிணை. நடுக்கடலில் ஒரு தடவை கேமராவைத் திருப்பிப் பின்னால் பாருங்கள், யாழ்ப்பாணக் குடாநாடு முழுசாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் மல்லிப்பட்டினம் பக்கம் முன்னால் கரை எழும்.