மாமியார் கட்டிலுக்கு அடியில் 12 வோல்ட்

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அடுத்தவர் தூக்கம் கெடச் சத்தம் போடக்கூடாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் உள்ள சட்டம் அது. பக்கத்து டிரெய்லர்காரர் கிடாரோடு பாட ஆரம்பித்தால் ரேஞ்சரிடம் புகார் சொல்லலாம். நம்முடைய டிரெய்லரே ராத்திரி முழுக்க முனகினால் யாரிடம் போவது?

என் மாமியார் என்னிடம் வந்தார். விசிட்டர் விசாவில் வந்திருந்தவருக்கு டிரெய்லரிலேயே நல்ல இடம் ஒதுக்கியிருந்தோம். சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தை விரித்தால் அது கட்டில். அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் கன்வர்ட்டரைப் பொருத்தியிருக்கிறார்கள்.

"மாப்பிள்ளை, கீழே ஏதோ கரகரங்குது. வண்டிக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு."

"அது ஃபேன், அத்தை."

"ஃபேனா? காத்தே வரலையே!"

நம் வீட்டு இன்வர்ட்டர் செய்வதை இந்தக் கன்வர்ட்டர் எதிர்த்திசையில் செய்யும். முகாமின் மின்கம்பத்திலிருந்து வரும் 120 வோல்ட் ஏ.சி.யை 12 வோல்ட் டி.சி.யாக்கி விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் கொடுக்கும். கூடவே பேட்டரியையும் சார்ஜ் செய்யும். வேலை கூடினால் சூடாகும், சூடானால் உள்ளங்கை அகலத்தில் உள்ள ஃபேன் சுற்றும். வேலை குறைந்ததும் ஃபேன் நின்றுவிட வேண்டும். எங்களுடையதற்கு அந்த வழக்கமே இல்லை.

அமெரிக்க முகாம்களில் கையில் டார்ச்சோடு குனிந்து நின்றால் போதும். பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் நாலா பக்கமிருந்தும் வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு மல்ட்டிமீட்டர், ஆளுக்கொரு சித்தாந்தம். உயரமான இடம், காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் சூடு சீக்கிரம் வெளியேறாது என்றார் ஒருவர். உண்மைதான், ஆனால் இந்த ஃபேன் சமவெளியிலும் இப்படித்தான் கத்தியது. வயர் ஏதாவது இறக்கையில் உரசுகிறதா பார் என்றார் இன்னொருவர். உரசவில்லை. மூன்றாமவர் சொன்னதில் விஷயம் இருந்தது. மலிவான ஃபேன்களில் பால் பேரிங் கிடையாது, வெறும் புஷ்தான். எண்ணெய் காய்ந்தால் கரகரக்கும். நடுவில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டால் கொஞ்ச நாளைக்குத் தாங்கும்.

எண்ணெய் என்ற பேச்சு காதில் விழுந்ததும் மாமியார் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு வந்தார். அது 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைகிற எண்ணெய். அக்டோபர் மாத கேன்யன் குளிரில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் அசையவில்லை.

கடைசியாக வந்தவர் சித்தாந்தமே பேசவில்லை. "பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூங்குங்கள்" என்றார். அப்படியே செய்தோம். ஆகா, என்ன அமைதி! டிரெய்லர் ஹீட்டர் கேஸில் எரியும் என்றாலும், சூட்டை உள்ளே தள்ளும் புளோயருக்கு 12 வோல்ட் வேண்டும். பகல் முழுக்க சார்ஜ் ஆகியிருந்த பேட்டரி அந்த புளோயரை ஒரு மணி நேரம்கூட ஓட்டவில்லை. புளோயர் படுத்தது, ஹீட்டரும் படுத்தது. குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு மாமியார் இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தச் சத்தமே தேவலை, மாப்பிள்ளை."

பிளக்கை மறுபடி மாட்டினேன். காலையில் வண்டியைச் சுற்றி நடந்துவிட்டு வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு மகளிடம் கேட்டார்: "ஏண்டி, வண்டி முன்னால யாரு அழுகின முட்டைய வச்சது?"

முட்டையே சேர்க்காதவரின் மூக்கு அது, பொய் சொல்லாது. டிரெய்லரின் முன்பக்கம், காரோடு கொக்கி மாட்டும் இடத்தில்தான் பேட்டரிப் பெட்டி. தொட்டால் சுட்டது. மல்ட்டிமீட்டர் படை முழுவதும் உள்ளே ஃபேனைச் சுற்றி நின்றபோது, கோளாறு வெளியே வெந்துகொண்டிருந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றி வைத்தேன். கன்வர்ட்டர் ஃபேன் இன்னும் கொஞ்ச நேரம் கரகரத்துவிட்டு, முதல்முறையாகத் தானே நின்றது.

பேட்டரி ஆறியபிறகு அளந்தால் 10.5 வோல்ட். நல்ல பேட்டரி என்றால் ஆறு செல், செல்லுக்கு 2.1 வோல்ட் என்று 12.6 காட்டும். ஒரு செல் போய்விட்டது. ஐந்து செல்களுக்குள் ஆறு செல்களின் சார்ஜை நிரப்பப் பார்த்து, விடிய விடிய 14.4 வோல்ட்டில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது கன்வர்ட்டர். ஃபேன் பாவம், அந்தச் சூட்டை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. ஓயாமல் ஓடியதில்தான் அதன் புஷ்ஷும் தேய்ந்திருக்க வேண்டும்.

ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 130 கிலோமீட்டர். புது பேட்டரியும் பால் பேரிங் ஃபேன் ஒன்றும் வாங்கினோம். பிளக்கையும் பேட்டரியையும் கழற்றி, கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, காற்று போகும் திசை காட்டும் அம்புக்குறி பார்த்து மாட்டினால் அந்த வேலை முடிந்தது. கடையில்தான் நேரமாயிற்று. அமெரிக்காவில் பேட்டரி வாங்கும்போது டெபாசிட் ஒன்று சேர்த்துப் பிடிப்பார்கள். பழையதைக் கொடுத்தால் அதைக் கழித்துவிடுவார்கள்.

"பழசுக்குக் காசு தர்றானா? எடை போட்டானா?" என்றார் மாமியார்.

"எடையெல்லாம் இல்லை, அத்தை. எல்லாத்துக்கும் ஒரே தொகைதான்."

"எடை போடாம எப்படி? கேளுங்க."

நான் கேட்கவில்லை. அந்த வருத்தத்திலோ என்னவோ, பழைய ஃபேனைக் குப்பையில் போட விடாமல் வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஊருக்குக் கிளம்பும்போது 23 கிலோ பெட்டியில் அதுவும் ஏறியது.

"வீட்டு இன்வர்ட்டர்ல 12 வோல்ட் பேட்டரி சும்மாதானே கிடக்கு? ஒரு சொட்டு எண்ணெய் விட்டா ஓடும். சென்னையில எண்ணெய் உறையாது."