பலமனேர் மண்டியில் குறை எண் வகுத்தல்: ஓர் ஆய்வு

மைனஸை மைனஸால் வகுத்தால் ப்ளஸ் என்று மனப்பாடம் செய்தவர்கள் பாஸானார்கள். ஏன் என்று கேட்டவர்கள் பெஞ்சு மேல் ஏறினார்கள். ஏறியவர்களை இறக்கிவிடுவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம், சித்தூரிலிருந்து மொகிலி மலைப்பாதை ஏறியதும் வருகிற பலமனேர். குறை எண்களுக்குப் பஞ்சமில்லாத ஊர். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய தக்காளியை, வேறொரு பருவத்தில் பறிகூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதும் இதே சீமையில்தான்.

முதலில் முன்னோர் கூற்று. 628இல் பிரம்மகுப்தர் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்து, கடனைக் கடனால் வகுத்தால் தனம் என்று விதித்தார். 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர் கணிதசார சங்கிரகம் எழுதினார். அதை 11ஆம் நூற்றாண்டிலேயே பாவுலூரி மல்லனா தெலுங்கில் தந்துவிட்டதால், கணக்கு எட்டவில்லை என்று இந்தப் பக்கத்தார் சொல்ல வழியில்லை. இருந்தாலும், ‘கடனைக் கடனால் வகுத்தேன், செல்வம் வந்தது’ என்று மண்டியில் சொல்லிப் பாருங்கள். கிடைக்க இருந்த கடனும் கிடைக்காது.

சிக்கல் அவிழ்வது கணக்கு நோட்டில். தக்காளி விற்ற ஒருவருக்கு லோடுக்கு 3,000 ரூபாய் நட்டம். மொத்தக் கடன் 12,000. எத்தனை லோடு போட்டார்? −12,000 ÷ −3,000 = 4. வந்த ஈவு பணமே அல்ல, லோடு. லோடு எண்ணுவதில் மைனஸுக்கு என்ன வேலை? அதே கடனை நாலு பங்காளிகள் பிரித்தால் தலைக்கு −3,000. இங்கே ஈவு பணம், ஆகவே அழுகை. மூன்றாவது வகைதான் ருசி: லோடுக்கு 3,000 விட்டு இன்று வெறுங்கையாய் நிற்பவரிடம் 12,000 எப்போது இருந்தது? 12,000 ÷ −3,000 = −4. அதாவது நாலு லோடுக்கு முன்னால். மண்டியில் யாரைக் கேட்டாலும் நல்ல காலம் அந்தப் பக்கம்தான்.

மீதி வருகிற இடத்தில்தான் அறிஞர்களே அடித்துக்கொள்கிறார்கள். 7 ரூபாய் கடனை இரண்டு பங்காளிகள் முழு ரூபாயாகப் பிரிக்க வேண்டும். −7 ÷ 2க்குக் கணினியின் சி மொழி −3 என்கிறது. 1999 தரநிலையிலிருந்து அதுவே சட்டம். பைத்தான் மொழியின் முழு எண் வகுத்தலோ −4 என்கிறது. சி வழியில் தலைக்கு 3 கொடுத்து ஒரு ரூபாய் பாக்கி நிற்கும். பைத்தான் வழியில் தலைக்கு 4 கொடுத்து ஒரு ரூபாய் மிஞ்சும். கடன் கொடுத்தவர் எந்தக் கட்சி என்பதற்குத் தனி ஆய்வு வேண்டியதில்லை.

தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் பலமனேர். பேசுவது எந்த மொழியானாலும் சரி, பாகம் பிரிக்க உட்காருமுன் சி-யா பைத்தானா என்று மட்டும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.