மேகம் எரியுமா?

மேகக்கணினியில் இருக்கும் வட்டுக்குக்கூடக் காப்பு நகல் வேண்டுமா? மேகம் என்ன, கலைந்தா போய்விடும்?

கலைந்ததில்லை, எரிந்திருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கிரையானபோது, மேகம் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது தரையில் நிற்கும் கட்டடமும் அதனுள் அடுக்கிய வட்டுகளுமே என்பது தெளிவாயிற்று. வேறிடத்தில் நகல் வைத்திராத வாடிக்கையாளர் பலர் தம் தரவை நிரந்தரமாக இழந்தனர்.

அப்படியானால் இரவெல்லாம் விழித்திருந்து நகலெடுக்க வேண்டுமா?

விழித்திருக்க வேண்டியது கிரான். குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் லினக்ஸ் நிரல் அது. அமேசான் மேகத்தில் இயங்கும் மெய்நிகர் கணினியின் வட்டை ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு கணத்து நிலையின் பதிவு, எடுக்க ஒற்றை வரிக் கட்டளையே போதும். அதை ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைக் கோப்பில் எழுதிக் கிரானிடம் ஒப்படைத்தால், முதல் பதிவு வட்டில் எழுதப்பட்ட எல்லாத் துண்டுகளையும் கொள்ள, அடுத்தடுத்த பதிவுகள் மாறிய துண்டுகளை மட்டுமே சேர்ப்பதால் செலவும் கட்டுக்குள் நிற்கும். நினைவகத்தில் இருந்து இன்னும் வட்டுக்கு எழுதப்படாத தரவு இப்பதிவில் இடம்பெறாது என்பதால், தரவுத்தளம் இயங்கும் கணினியில் அதன் எழுத்துப்பணியைச் சற்றே நிறுத்திவிட்டுப் பதிவெடுப்பது நன்று.

அந்தப் பதிவை வேறொரு கணக்குக்குப் படியெடுக்கும் வரியும் ஸ்கிரிப்டில் இன்றியமையாதது: 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் நிறுவனத்தின் மேகக் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைந்தவர் வட்டுகளோடு ஸ்னாப்ஷாட்டுகளையும் அழித்ததால், அந்நிறுவனமே மூடப்பட்டது.